கை அறுபடும் இடத்தில் ஏன் சிரிப்பு வருகிறது?

காட்டுக்குள் ஒரு பழைய மரவீடு. அதில் மாட்டிக்கொண்ட ஓர் இளைஞன். பெயர் ஆஷ். அவனுடைய வலது கைக்குள் பேய் புகுந்துவிடுகிறது. உடம்பில் வேறெங்கும் இல்லை, அந்தக் கைக்குள் மட்டும். அது சமையலறைத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் தலையிலேயே போட்டு உடைக்கிறது. அவனையே பிடித்துத் தூக்கிக் குட்டிக்கரணம் அடிக்க வைக்கிறது. அவன் மயங்கி விழுந்ததும், தூரத்தில் கிடக்கும் வெட்டுக்கத்தியை எடுக்க, விரல்களால் தரையைப் பிறாண்டிக்கொண்டு அவன் உடம்பையும் சேர்த்து இழுத்துப் போகிறது. சட்டென்று விழித்துக்கொள்ளும் ஆஷ், ஒரு கத்தியால் அந்தக் கையைத் தரையோடு சேர்த்துக் குத்துகிறான். மரம் அறுக்கும் செயின்சா மெஷினைப் பல்லால் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிறான். ரத்தம் முகத்தில் பீய்ச்சியடிக்கத் தன் கையைத் தானே அறுத்துப் போடுகிறான்.

இதைப் படிக்கும்போது முகம் சுளிக்கத்தான் தோன்றும். ஆனால் 1987இல் வந்த 'ஈவில் டெட் 2' படத்தில் இந்தக் காட்சியைப் பார்ப்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். நான் முதன்முதலில் பார்த்தது கல்லூரி விடுதி அறையில், எட்டுப் பேரோடு. பேய்ப்படம் என்றாலே கண்ணை மூடிக்கொள்ளும் நண்பன் ஒருவன் இருந்தான். அன்றைக்கு எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவன் அவன்தான். சிரித்து முடித்துவிட்டு, "இதுக்குப் போய் ஏன்டா சிரிச்சேன்?" என்று எங்களிடமே கேட்டான். அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. அதற்கு இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த வகைப் படங்களை இதுவரை பார்த்ததே இல்லை என்பவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் சில சொற்கள். பேயும் சிரிப்பும் கலந்த படம் ஹாரர் காமெடி. இது நமக்குப் புதிதில்லை. 2011இல் வந்த 'காஞ்சனா'வை ராகவா லாரன்ஸே 2020இல் இந்தியில் ரீமேக் செய்தார். ஆனால் நம் பேய்களுக்குப் பெரும்பாலும் ஒரு பழைய கணக்கு இருக்கும். யாரோ அநியாயமாகக் கொன்றிருப்பார்கள், பேய் வந்து நியாயம் கேட்கும், கடைசியில் நாம் அதற்காக அழுவோம். நான் இங்கே சொல்லும் அமெரிக்கப் படங்களில் அந்த அழுகைக்கு இடமே கிடையாது. அங்கே பிரதானம் உடம்பு. வெட்டுப்படுவது, கடிபடுவது, பிய்வது, கொட்டுவது. இதைத்தான் அவர்கள் கோர் என்கிறார்கள். நம் பேச்சில் ரத்தக்களரி.

அடுத்த சொல் கொஞ்சம் சிக்கலானது: கேம்ப். எல்லாவற்றையும் அளவுக்கு மீறிச் செய்வது, அலங்காரமும் அலறலும் ஒரு பிடி கூடவே இருப்பது, அந்த மிகையையே ரசிப்பது, இதெல்லாம் சேர்ந்ததுதான் கேம்ப். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1964இல் இதைப் பற்றி 58 குறிப்புகளாக ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் காட்டும் ஒரு வேறுபாடு இந்த விஷயத்துக்கு ரொம்ப முக்கியம். தெரியாமலே கேம்ப் ஆகிப்போன படைப்பு ஒரு வகை. அதை எடுத்தவர் உண்மையிலேயே பெரிதாக ஒன்றைச் செய்ய நினைத்திருப்பார், அது எங்கோ மிகையாகிப் போயிருக்கும். வேண்டுமென்றே கேம்ப் ஆகச் செய்தது இன்னொரு வகை. முதல் வகையில்தான் ருசி அதிகம் என்பது சொன்டாக்கின் கட்சி. அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் ரீமேக் என்ற ஒன்று இருக்கிறதே, அது இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது வழியைத் திறந்துவிடுகிறது. முன்பு ஒருவர் தெரியாமல் செய்ததை இன்னொருவர் தெரிந்தே, ஆனால் அன்போடு திரும்பச் செய்கிறார்.

கடைசியாக கில்ட்டி பிளெஷர். பிடிக்கும், ஆனால் பிடிக்கும் என்று வெளியே சொல்லக் கூச்சம். அவ்வளவுதான். அந்தக் கூச்சத்துக்கு அப்புறம் வருகிறேன்.

சரி, கை அறுபடுவதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இதற்கு உதவும் ஒரு விளக்கத்தை பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2010இல் முன்வைத்தார்கள். ஏதோ ஒன்று மீறப்பட வேண்டும், அதே நேரத்தில் அதனால் யாருக்கும் உண்மையான கேடு இல்லை என்பதும் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில் சேர்ந்தால் சிரிப்பு வருகிறது என்கிறார்கள். கிச்சுக் கிச்சு மூட்டுவதை நினைத்துப் பாருங்கள். நம் விலாவில் நாமே விரல் வைத்தால் ஒன்றும் ஆகாது, அங்கே மீறலே இல்லை. முன்பின் தெரியாத ஆள் பேருந்தில் செய்தால் கோபமும் பயமும்தான் வரும். அத்தையோ மாமாவோ செய்தால் மட்டும் குழந்தை உருண்டு புரண்டு சிரிக்கிறது. உடம்பைப் பொறுத்தவரை அதுவும் ஒரு தாக்குதல்தான். ஆனால் தாக்குபவர் யார் என்று குழந்தைக்குத் தெரியும்.

ரத்தக்களரிப் படத்தில் அந்த 'தாக்குபவர் யார் என்று தெரியும்' என்ற நம்பிக்கை எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. அதற்கான பதில் எனக்குக் கிடைத்தது செடி ஒன்று மனிதர்களைத் தின்னும் ஒரு படத்திலிருந்து.

1960இல் ரோஜர் கோர்மன் 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' என்று ஒரு படம் எடுத்தார். பெரும்பகுதியை இரண்டே நாளில் எடுத்து முடித்த படம். பூக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பையன், ரத்தம் குடித்து வளரும் ஒரு செடி, அவ்வளவுதான் கதை. 1982இல் ஹோவர்ட் ஆஷ்மனும் ஆலன் மென்கனும் அதைப் பாட்டு நிறைந்த மேடை நாடகமாக்கினார்கள். அந்த நாடகத்தை ஃபிராங்க் ஓஸ் 1986இல் மறுபடி படமாக்கினார். அவர் பொம்மலாட்டத்தில் ஊறியவர். அந்தப் பிரம்மாண்டமான செடிப் பொம்மையால் பாட்டின் வேகத்துக்கு வாயசைக்க முடியாது என்பதால், கேமராவை மெதுவாக ஓடவிட்டு, கூட நடித்தவர்களையும் மெதுவாக நடிக்கவைத்து, திரையில் ஓட்டும்போது எல்லாம் இயல்பான வேகத்துக்கு வரும்படி செய்தார்கள். இன்றைக்குப் பார்த்தாலும் அந்தச் செடி பேசுகிறது, பாடுகிறது என்றுதான் மனசு நம்புகிறது.

மேடை நாடகத்தின் முடிவில் செடி எல்லோரையும் தின்றுவிடும். நாயகன், நாயகி யாரும் மிஞ்சுவதில்லை. பார்வையாளர்களுக்கு அந்த முடிவு ரொம்பப் பிடித்திருந்தது. ஓஸும் படத்தை அப்படியே முடித்தார், செடிகள் நியூயார்க்கையே நொறுக்கும் பெரிய காட்சியோடு. வெளியீட்டுக்கு முன் போட்டுக் காட்டிய காட்சிகளில், அதுவரை கைதட்டி மகிழ்ந்த கூட்டம், நாயகியும் நாயகனும் செத்ததும் உறைந்துபோனது. வேறு வழியில்லாமல் இருவரும் பிழைத்துக்கொள்வதாக முடிவை மாற்றி எடுத்தார்கள். ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு ஓஸ் பின்னாளில் சொன்ன காரணம் எளிமையானது. நாடகத்தில் செடிக்கு இரையான நடிகர்கள், திரை விழுந்த பிறகு மேடைக்குத் திரும்பி வந்து பார்வையாளர்களைக் கும்பிடுகிறார்கள். படத்தில் அவர்கள் திரும்பி வருவதில்லை.

எனக்கு எல்லாமே விளங்கிய இடம் இதுதான். ரத்தத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமென்றால், செத்தவர் எழுந்து வந்து கும்பிடுவார் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நல்ல ஹாரர் காமெடி அந்தக் கும்பிடைப் படத்துக்குள்ளேயே எங்காவது வைத்திருக்கும். அதிலும் ரீமேக் என்பது கிட்டத்தட்ட முழுக்க அந்தக் கும்பிடுதான். முந்தைய படத்தில் செத்தவர்கள் எல்லோரும் எழுந்து, உடை மாற்றிக்கொண்டு, மறுபடி சாக வந்து நிற்கிறார்கள்.

'ஈவில் டெட்' வரிசையை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். முதல் படத்தை சாம் ரெய்மி டென்னசி மாநிலத்தில் எடுக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 20. நண்பர்கள் கூட்டம், நாலு லட்சம் டாலருக்கும் குறைவான பணம். ஐந்து இளைஞர்கள் காட்டு வீட்டுக்கு வருகிறார்கள், ஒரு பழைய புத்தகமும் ஒலிநாடாவும் கிடைக்கின்றன, பேய் ஒவ்வொருவராகப் பிடிக்கிறது. 1981இல் வந்த அந்தப் படம் உண்மையிலேயே பயமுறுத்த நினைத்தது. பயமுறுத்தவும் செய்தது. ஸ்டீஃபன் கிங் அதை மனதாரப் பாராட்டி எழுதியது பெரிய பலம்.

ஆறு வருடம் கழித்து இரண்டாம் பாகம் எடுக்கும்போது, முன்கதையைச் சொல்ல முதல் படத்தின் காட்சிகளைப் பயன்படுத்தலாம் என்று நினைத்திருந்தார்கள். உரிமை கிடைக்கவில்லை. அதனால் முதல் கதையையே, ஐந்து பேருக்குப் பதில் ஆஷும் அவன் காதலி லிண்டாவும் மட்டும் என்று சுருக்கி, ஆரம்பச் சில நிமிடங்களுக்குள் மறுபடி எடுத்தார்கள். அப்புறம் அதே வீடு, அதே பேய், ஆனால் வேறு மனநிலை. பாதி தொடர்ச்சி, பாதி ரீமேக் என்று ரசிகர்கள் இன்றைக்கும் வாதாடுவது இதனால்தான்.

என்ன மாறியது? ரெய்மியும் ஆஷாக நடித்த புரூஸ் கேம்ப்பெலும் சிறுவயதிலிருந்தே 'த்ரீ ஸ்டூஜஸ்' நகைச்சுவைப் படங்களின் பைத்தியங்கள். கண்ணில் குத்துவது, தலையில் சுத்தியலால் அடிப்பது, மூக்கைத் திருகுவது என்று ஒருவரை ஒருவர் அடித்தே சிரிக்கவைத்த கோஷ்டி அது. அந்த அடிதடியின் தாளத்தை அப்படியே பேய்க்கதைக்குள் கொண்டுவந்தார்கள். பேயின் கண்விழி பிதுங்கிப் பறந்து, வாயைத் திறந்து அலறிக்கொண்டிருக்கும் பெண்ணின் வாய்க்குள் போய் விழுகிறது. சுவரில் மாட்டிய மான்தலை கெக்கெக்கே என்று சிரிக்கிறது. கூடவே மேசை விளக்கு, புத்தகங்கள், நாற்காலி என்று அறை முழுக்கச் சிரிக்க, ஆஷும் சேர்ந்து சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல அலறலாக மாறுகிறது. கேம்ப்பெலின் முகத்தில் அந்த மாற்றம் நடக்கும் சில நொடிகளுக்காகவே இந்தப் படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

ரத்தத்தையும் கவனியுங்கள். சுவரிலிருந்து பீறிடும்போது சிவப்பாக இருப்பது சில இடங்களில் கறுப்பாகவும் பச்சையாகவும் மாறிவிடும். இதற்குக் காரணம் அமெரிக்கத் தணிக்கை. வயதுவந்தோருக்கு மட்டும் என்ற எக்ஸ் சான்றிதழ் கிடைத்தால் பல தியேட்டர்களும் பத்திரிகை விளம்பரங்களும் கதவை மூடிவிடும். நிறத்தை மாற்றினால் தப்பிக்கலாம் என்று பார்த்தார்கள். கடைசியில் சான்றிதழே இல்லாமல்தான் படம் வெளியானது. ஆனால் தணிக்கைக்காகச் செய்த அந்த வேலை படத்துக்குப் பெரிய நன்மையைச் செய்துவிட்டது. பச்சை ரத்தத்தைப் பார்த்ததும் இது சோளப் பாகும் சாயமும் என்று மனசுக்குத் தெரிந்துவிடுகிறது. நடிகர் எழுந்து வருவார் என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

2013இல் உருகுவேக்காரரான ஃபெடே ஆல்வரஸ் அதே முதல் கதையை ரீமேக் செய்தார். ரெய்மியும் கேம்ப்பெலும் தயாரிப்பாளர்கள். இந்த முறை போதைப் பழக்கத்திலிருந்து மீள வந்த ஒரு பெண், அவளைக் காப்பாற்ற வந்த அண்ணன் என்று கதைக்குக் கனம் கூடியது. ரத்தம் மற்ற இரண்டையும் விட அதிகம், வானத்திலிருந்தே மழையாகக் கொட்டுகிறது. செய்நேர்த்தியில் குறை சொல்ல முடியாது. ஆனால் சிரிப்பு வருவதில்லை, வரக்கூடாது என்றுதான் எடுத்திருக்கிறார்கள். ஒரே கதை, ஒரே வீடு, மூன்று படங்கள். ரத்தம் எவ்வளவு என்பதற்கும் சிரிப்புக்கும் சம்பந்தமே இல்லை என்பதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி, கூச்சமே இல்லாமல் கேம்ப் செய்த ஒரு ரீமேக். 1975இல் 'ஜாஸ்' சுறா உலகத்தையே மிரட்டியது. மூன்று வருடம் கழித்து கோர்மனின் நிறுவனத்துக்காக ஜோ டான்டே 'பிரான்யா' எடுத்தார். பெரிய சுறாவுக்குப் பதில் கூட்டம் கூட்டமாகச் சின்ன மீன்கள். வியட்நாம் போருக்காக அமெரிக்க ராணுவம் வளர்த்த மீன்கள் என்று கதையில் ஒரு குத்தலும் இருந்தது. 2010இல் அலெக்ஸாந்தர் அஜா இதை 'பிரான்யா 3டி' என்று எடுத்தபோது ராணுவத்தைத் தூக்கிவிட்டார். நிலநடுக்கத்தில் ஏரிக்கடியில் பிளவு விழுகிறது, ஆதிகாலத்து மீன்கள் மேலே வருகின்றன. அதே வாரம் கல்லூரி விடுமுறைக்கு ஆயிரக்கணக்கான இளசுகள் அந்த ஏரியில் குடித்துக் கும்மாளம் போடுகிறார்கள். இனி என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இயக்குநருக்கும் தெரியும்.

முதல் காட்சியிலேயே ஒரு முதியவர் படகில் தனியாக மீன் பிடிக்கிறார். நடித்திருப்பவர் ரிச்சர்ட் டிரைஃபஸ். 'ஜாஸ்' படத்தில் சுறாவிடமிருந்து உயிரோடு திரும்பிய மீன் ஆராய்ச்சியாளராக நடித்தவர். அந்தப் படத்தில் படகுக்குள் மூன்று பேர் சேர்ந்து பாடிய பாட்டையே இங்கேயும் முணுமுணுக்கிறார். முப்பத்தைந்து வருடம் முன்பு தப்பித்தவரை இந்த மீன்கள் முதல் ஐந்தாறு நிமிடத்திலேயே முடித்துவிடுகின்றன. பழைய படத்தைப் பார்த்தவருக்கு இது ஒரு விருந்து. பார்க்காதவருக்கும் ஒன்றும் நஷ்டமில்லை, படகில் ஒரு பெரியவர், தண்ணீரில் சுழல், போதும்.

ஏரியில் நடக்கும் பெரிய வேட்டைதான் படத்தின் உயிர். கிரெக் நிகோடெரோவும் ஹோவர்ட் பெர்கரும் நடத்திய ஒப்பனைப் பட்டறை செய்த உடல்கள், கால்கள், முகங்கள். அறுந்த கம்பி ஒன்று வீசிவந்து ஒரு பெண்ணைக் கடந்து போகிறது. ஒன்றும் ஆகவில்லை போல அவள் நிற்கிறாள். அப்புறம் மேல்பாதி மெதுவாக வழுக்குகிறது. அந்த ஒரு நொடித் தாமதம்தான் நகைச்சுவை. ஜோக் சொல்பவர் கடைசி வார்த்தைக்கு முன் விடும் இடைவெளி அது. காவல் அதிகாரியாக வரும் விங் ரேம்ஸ், படகு மோட்டாரைப் பிடுங்கி, சுழலும் விசிறியைத் தண்ணீருக்குள் விட்டு மீன்களை அரைக்கிறார். பார்த்த ஒவ்வொருவரும் கைதட்டும் இடம் அது.

இந்தப் படத்தில் எனக்கு உறுத்துவதும் இருக்கிறது. பெண்களின் உடம்பைக் கேமரா மேய்வது அளவுக்கு மீறிப் போகிறது. கிண்டல் செய்கிறோம் என்ற சாக்கில் அதையேதான் விற்கவும் செய்கிறார்கள். அந்த இடங்களில் கேம்ப் ஒரு முகமூடியாகிவிடுகிறது. படத்தை ரசிக்கிறேன் என்பதால் அதை மறைக்க எனக்கு மனமில்லை.

ரத்தமும் சிரிப்பும் சேர்வது ஏதோ அமெரிக்கக் கெட்டபழக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. பாரீஸில் 1897இல் 'கிராண்ட் கினோல்' என்ற சின்ன நாடக அரங்கம் திறந்தார்கள். ஒரே மாலையில் கண்ணைப் பிடுங்கும் நாடகம் ஒன்று, உடனே ஒரு கேலி நாடகம், மறுபடி கழுத்தை அறுக்கும் நாடகம் என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் மாறி மாறி ஊற்றினால் எப்படி இருக்கும், அப்படி. நம் மொழியிலோ இது இன்னும் எத்தனையோ நூற்றாண்டு பழையது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியை எடுத்துப் பாருங்கள். போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. அதற்கு முன் பல் துலக்க வேண்டுமே? யானைத் தந்தம் இருக்கிறது. நாக்கு வழிக்க? செத்த யானையின் விலா எலும்பு. பந்தியில் குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற பரிமாறல். பிணக்களத்தை ஒரு கல்யாணப் பந்தியாக்கிச் சிரிக்கவைத்த கவிஞனைப் பாடப்புத்தகத்தில் வைத்துப் போற்றுகிறோம். அதை ரசித்த அதே மனசுதான் செயின்சாவையும் ரசிக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அப்படியானால் கூச்சம் எதற்கு? ஒரு பகுதி, அடுத்தவர் என்ன நினைப்பார் என்பது. ரசனை கெட்டவன், வக்கிரம் பிடித்தவள் என்று சொல்லிவிடுவார்களோ என்ற தயக்கம். இந்தப் பகுதியை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மிளகாயின் எரிச்சல் நாக்குக்கு வலிதான். உண்மையான ஆபத்தில்லை என்று தெரிந்ததும் அந்த வலியையே விரும்பிக் கேட்கிறோம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் பால் ரோசின் மிளகாயையும் பேய்ப்படத்தையும் இந்த ஒரே வகையில்தான் வைக்கிறார். ஊறுகாய் தொட்டுக்கொள்ள யாரும் வெட்கப்படுவதில்லை.

இன்னொரு பகுதியை அப்படி விட்டுவிட முடியாது. அதற்கு ஹெர்ஷல் கோர்டன் லூயிஸிடம் போக வேண்டும். ஒருகாலத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர், விளம்பரத் தொழிலிலும் இருந்தவர். 1963இல் 'பிளட் ஃபீஸ்ட்' என்ற படத்தில் கொலைகளை வண்ணத்தில், குடல் தெரிய, நேருக்கு நேர் காட்டினார். ரத்தக்களரிப் படங்களின் தந்தை என்று அவரை அழைப்பது இதனால்தான். அடுத்த வருடம் 'டூ தவுசண்ட் மேனியாக்ஸ்' எடுத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைகள் அழித்த ஒரு தெற்கத்திய ஊர், நூறு வருடம் கழித்துப் பேயாக எழுந்து வருகிறது. வழிதவறிய வடக்கத்திச் சுற்றுலாக்காரர்களை விருந்தினர் என்று வரவேற்று, திருவிழா விளையாட்டுகளிலேயே கொல்கிறது. ஆணி அடித்த பீப்பாய்க்குள் ஆளைப் போட்டு மலையிலிருந்து உருட்டுவது அதில் ஒன்று. ஊரே பாட்டும் பஞ்சோவுமாகச் சிரித்துக்கொண்டு செய்கிறது.

2005இல் டிம் சல்லிவன் இதை '2001 மேனியாக்ஸ்' என்று ரீமேக் செய்தார். ஊர் மேயராக ராபர்ட் இங்லண்ட், ஒரு கண்ணை மறைக்கும் பட்டையில் தெற்கத்தியக் கூட்டமைப்பின் கொடி. கையும் காலும் ஆட்டி, குரலை உருட்டி அவர் செய்வதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கேம்ப் நடிப்பு என்றால் என்ன என்று கேட்பவருக்கு அவரைக் காட்டலாம். ஆனால் அந்தக் கொடி அடிமை முறையைக் காக்கப் போரிட்டவர்களின் கொடி. அதன் கீழ் சங்கிலியில் கிடந்தவர்கள், சாட்டையடியில் செத்தவர்கள் யாரும் எழுந்து வந்து கும்பிடப் போவதில்லை. அது நினைவுக்கு வரும் இடங்களில் எனக்குச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. படம் அந்த வரலாற்றைக் கிண்டல் செய்கிறதா, அதன் மேல் ஏறி விளையாடுகிறதா என்று படத்துக்கே தெளிவில்லை.

'கிராண்ட் கினோல்' அரங்கம் 1962இல் மூடப்பட்டதும் இதோடு சேர்ந்த கதைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. நாஜிகளின் புக்கன்வால்ட் வதைமுகாமில் நடந்ததோடு எங்களால் போட்டி போட முடியாது என்றார் அதன் கடைசி நிர்வாகி. நிஜத்தில் நடந்துவிட்ட பிறகு, அது விளையாட்டு என்ற நம்பிக்கை மேடையிலிருந்து போய்விட்டது.

ஆகவே, இந்தப் படங்களைப் பார்க்கும்போது சிரிப்பு வரும் இடத்தையும் நின்றுபோகும் இடத்தையும் கவனியுங்கள். நின்றால், ஏன் நின்றது என்று கொஞ்சம் யோசியுங்கள்.

முதன்முறை பார்ப்பவர்களுக்கு என் யோசனை இது. தனியாகப் பார்க்காதீர்கள், நாலு பேராவது கூட இருக்கட்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். சின்னப் பிள்ளைகள் தூங்கப் போயிருக்கட்டும், இவை எதுவும் அவர்களுக்கானவை அல்ல. 1986இன் செடியிலிருந்து தொடங்குங்கள், அதில் ரத்தம் குறைவு, பாட்டு அதிகம். மாற்றப்பட்ட முடிவைப் பார்த்துவிட்டு, 2012இல் மீட்டு வெளியிட்ட பழைய முடிவையும் பாருங்கள். அறையில் யார் யார் அமைதியானார்கள் என்று தெரியும். அது ஒத்துவந்தால் அடுத்த வாரம் 'ஈவில் டெட் 2'. 1981 படத்தை முதலில் பார்த்தால் இன்னும் நல்லது, கட்டாயமில்லை. 'பிரான்யா 3டி' எல்லாவற்றுக்கும் கடைசியில்.

'ஈவில் டெட் 2' பார்க்கும்போது, நான் முதலில் சொன்ன காட்சி முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். அறுபட்ட கை இன்னும் துள்ளிக்கொண்டிருக்கும். ஆஷ் அதன் மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து, நகராமல் இருக்கச் சில புத்தகங்களை எடுத்து அடுக்குவான். மேலே இருக்கும் புத்தகம் ஹெமிங்வேயின் புகழ்பெற்ற போர் நாவல், 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்'. ஆர்ம்ஸ் என்றால் ஆயுதங்கள். கைகள் என்றும் ஒரு பொருள் உண்டு.